கோத்தகிரிப் பக்கத்து ஊருக்குக் கோடைத் தண்ணீர்: போர் போடும் முன் மார்ச் மாத ஊற்றை அளந்து பாருங்கள்

கேள்வி இதுதான்: கட்டபெட்டுப் பக்கம் 120 வீடுகள் உள்ள ஒரு ஹட்டி (படுகர் ஊர்). ஊருக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. பிப்ரவரி பிறந்தால் வரத்து மெலிந்து, மார்ச், ஏப்ரலில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஊரில் பாதிப் பேர் போர் போடச் சொல்கிறார்கள், மீதிப் பேர் பெரிய தொட்டி கட்டச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே முதல் வேலை இல்லை. முதலில் ஊற்றை அளக்க வேண்டும், அடுத்து ஊற்றுக்கு மேலே உள்ள நிலத்தைக் காக்க வேண்டும், அதன் பிறகு குழாயில் ஒழுகுவதை நிறுத்த வேண்டும். இவற்றைச் செய்த பிறகும் பற்றாக்குறை எவ்வளவு மிஞ்சுகிறதோ அந்த அளவுக்குத்தான் தொட்டி. சென்னைக்கு மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றன, மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது. மலையில் நமக்கு அப்படி இரண்டாவது கை கிடையாது. மண்ணுக்குள் இறங்கிய மழை மட்டுமே கணக்கு.

மழை அளவை வைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த வெள்ளம் அடுத்த மார்ச்சில் எந்த ஹட்டிக்கும் குடிக்கக் கிடைக்காது. மேற்கே அவலாஞ்சி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுவாக இருக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் பெரியது. அது ஓய்ந்ததும் கோடை மழை வரும்வரை நாம் குடிப்பது மண் கொஞ்சம் கொஞ்சமாக விடும் நீரைத்தான். ஆகவே திட்டத்தின் அடிப்படை ஊற்றின் மார்ச் கடைசி வரத்து. ஆண்டுச் சராசரியை வைத்துத் திட்டம் போட்டால் ஒன்பது மாதம் நன்றாக ஓடும், தேவைப்படும் மூன்று மாதம் கைவிடும்.

அளப்பது எளிது. ஊற்றுநீர் முழுவதும் ஒரே குழாய் வழியாக விழும்படி களிமண்ணால் சின்னக் கரை கட்டி, 20 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள். கரையின் ஓரத்தில் கசிந்து போகும் நீர் கணக்கில் வராமல் போவதுதான் இதில் வழக்கமான பிழை, அதனால் அடைத்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து அளவெடுங்கள். ஜனவரியிலிருந்து வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கோடை மழை தொடங்கியதும் நிறுத்திவிடாதீர்கள். சில ஊற்றுகளில் மழை வந்து பல வாரம் கழித்துத்தான் வரத்து ஏறும், அந்தத் தாமதமும் தெரிய வேண்டும்.

இனி உங்கள் ஊர்க் கணக்கு. 120 வீடு என்றால் ஏறக்குறைய 500 பேர். ஊரகக் குடிநீருக்கு அரசு வைத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், ஆக 27,500 லிட்டர். குழாயில் வீணாவதற்கு 5,500 லிட்டர் சேர்த்தால் 33,000. இது நிமிடத்துக்கு 23 லிட்டர், அதாவது 20 லிட்டர் வாளி 52 நொடியில் நிறைய வேண்டும். மார்ச் கடைசியிலும் 52 நொடிக்குள் நிறைந்தால் உங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, குழாயிலும் பங்கீட்டிலும்தான் கோளாறு. அப்படிப்பட்ட ஊர்கள் நினைப்பதைவிட அதிகம். வாளி நிறைய 80 நொடி ஆனால் வரத்து நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளைக்கு 21,600. தினமும் 11,400 லிட்டர் குறைகிறது. அது 75 நாள் நீடித்தால் எட்டரை லட்சம் லிட்டர். இந்தப் பள்ளத்தை எப்படி நிரப்புவது என்பதுதான் மீதிக் கதை.

போரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் தனியார் ஆழ்துளைக் கிணறு போட நிர்வாகத் தடை இருப்பது ஒருபுறம். தடை இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். இந்த மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. நீர் நிற்பது பாறைக்கு மேலே மக்கிப்போன மண் அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும். போர் உறிஞ்சுவதும் உங்கள் ஊற்றுக்கு வருவதும் பெரும்பாலும் ஒரே நீர்தான். கீழே ஒருவர் போர் போட்டு மோட்டார் ஓட்டினால், மேலே ஊற்று வற்றுவது இதனால்தான். புது நீர் எதுவும் பிறப்பதில்லை, இருப்பதைச் சீக்கிரமாகத் தீர்க்கிறோம்.

ஊற்றுக்கு மேலே உள்ள நிலத்துக்கு வருவோம். நேரத்தையும் உழைப்பையும் அதிகம் போட வேண்டிய இடம் இது. மேட்டில் சோலையும் புல்வெளியும், மடிப்பில் கருப்பு மண் சதுப்பு என்று இருந்தால் ஊற்று கோடையிலும் நிற்கும். கோத்தகிரியில் லாங்வுட் சோலையை நம்பிச் சுற்றியுள்ள பல ஊர்கள் தண்ணீர் குடிப்பது இந்த அமைப்பால்தான். புல்வெளியை எடுத்துவிட்டுக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அளவு இருக்கிறது. க்ளென்மார்கன் பகுதியில், ஊட்டியில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடை நீரை அளந்தது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு துளிர்த்து வந்த இரண்டாவது சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தைத் தொட்டது. இந்த இழப்பு வலிப்பது கோடையில்தான்.

அதற்காக நாளைக்கே கற்பூரத்தையும் சீகை (வாட்டில்) மரத்தையும் மொத்தமாக வெட்டிச் சாய்த்துவிடாதீர்கள். சரிவில் மண்ணைப் பிடித்திருப்பதும் அந்த வேர்கள்தான். சீகையை வெட்டி வெயில் பட்டதும், மண்ணில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் விதை எல்லாம் முளைத்து முன்பைவிட அடர்த்தியான புதராக நிற்கும். சமமட்டத்தில் கீற்றுக் கீற்றாக எடுக்க வேண்டும், வேர்க்கட்டையைத் தோண்டாமல் விட வேண்டும், முளைக்கும் கன்றுகளைக் குறைந்தது மூன்று, நான்கு ஆண்டு ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்க ஆள் ஏற்பாடு செய்யாமல் வெட்ட ஆரம்பிக்காதீர்கள். பட்டா நிலமாக இருந்தாலும் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெட்ட முடியும். வனத்துறை நிலமென்றால் அவர்களோடு பேசித்தான் எதுவும்.

மரத்தைவிடச் சீக்கிரம் பலன் தருவது சதுப்பு. கேரட், உருளை போடுவதற்காகச் சதுப்பின் நடுவே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். முழங்கால் ஆழத்துக்கு வெட்டினால் சதுப்பின் நீர்மட்டமும் ஏறக்குறைய முழங்கால் அளவுக்கு இறங்கும். ஜனவரியில் மெல்லக் கசிய வேண்டிய நீர் டிசம்பரிலேயே ஓடிப்போகும். வைத்தியம், அந்த வாய்க்காலைப் படிப்படியாக அடைப்பது. தரை ஒரு அடி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தடுப்பு வேண்டும். களிமண் நிரப்பிய சாக்கு அடுக்கி, முன்னும் பின்னும் கட்டை அடித்து, மேலே புல்கட்டியோடு மண் வைத்து மூடுங்கள். தடுப்பு இரண்டு பக்கமும் கரைக்குள் இரண்டு அடி புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே நீர் பக்கவாட்டில் அரித்துக்கொண்டு போய்விடும். நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்கட்டும், நிரம்பினால் நடுவில் வழியும்.

சதுப்பு ஓரக் கிணற்றில் காய்கறிக்கு மோட்டார் ஓடுகிறதா என்றும் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் 40 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் மணிக்கு ஏறக்குறைய 17,000 லிட்டர் எடுக்கும். அது இரண்டு மணி நேரம் ஓடினால் உங்கள் ஊரின் ஒருநாள் தண்ணீர் போயிற்று. இதில் சண்டை வேண்டாம். விவசாயியும் நம் ஊர்க்காரர்தான், அவருக்கும் பிழைப்பு வேண்டும். உங்கள் வார அளவு நோட்டையும் இந்தக் கணக்கையும் வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் அதிகம் கேட்காத பயிர் என்றோ, தெளிப்பான் மாற்ற ஊர் பாதிச் செலவு தரும் என்றோ பேசி முடிவெடுங்கள். எழுதி வைத்த அளவு இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

ஒரு எச்சரிக்கை. மழைநீரை இறக்குகிறேன் என்று வீடுகளுக்கு மேலே உள்ள செங்குத்துச் சரிவில் நீள நீளமாகக் குழி வெட்டாதீர்கள். சமவெளியில் நல்லது செய்யும் அதே குழி, இங்கே ஆழமான மண்ணும் சரிவும் சேர்ந்த இடத்தில் மண்ணை ஊறவைத்துச் சரித்துவிடும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்திப் பக்கம் நடந்த மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். குழி வெட்டலாம் என்றால் மேட்டின் தட்டையான தலைப்பகுதியில், கீழே வீடோ ரோடோ இல்லாத பக்கத்தில், அதுவும் புவியியல் துறையிடம் காட்டிவிட்டு. மற்ற இடங்களில் புல் மூடாக்கு போதும்.

அடுத்தது ஊற்றுத் தொட்டி. இங்கேதான் நல்ல ஊற்றை நாமே கெடுத்துக்கொள்கிறோம். ஊற்றுக்கண்ணைத் தேடி மண்ணைக் கையால் விலக்குங்கள். நீர் வெளிவரும் கெட்டி அடுக்கு தெரிந்ததும் நிறுத்துங்கள். ஜே.சி.பி. வேண்டாம், வெடி வேண்டவே வேண்டாம். அடுக்கு உடைந்தால் நீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும். கண்ணை ஒட்டி கழுவிய பெரிய கல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் களிமண் மூடி. அதற்கு முன்னால் நாலடிக்கு நாலடியில் ஒரு கான்கிரீட் பெட்டி. வழிந்தோடும் குழாய் கட்டாயம் ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நிறைய நீர் பிடிக்கலாம் என்று அதை உயர்த்தி வைத்தால், தேங்கும் நீர் ஊற்றையே பின்னுக்குத் தள்ளும், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கண் பக்கத்தில் வேறிடத்தில் திறந்துகொள்ளும். 'தொட்டி கட்டியதும் ஊற்று போய்விட்டது' என்று சொல்லும் ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மட்டத்தைத்தான்.

வெளியேறும் குழாய் தரையிலிருந்து அரையடி உயரத்தில் சல்லடையோடு, கழுவிவிடும் குழாய் தரை மட்டத்தில், மூடியின் விளிம்பு நாலு விரல் உயரம். பெட்டிக்கு மேலே எட்டு, பத்து மீட்டர் தள்ளி ஒரு வடிகால் வெட்டினால், மழையில் ஓடிவரும் சேறும் தேயிலைத் தோட்டத்து உரமும் உள்ளே வராது. வழியும் நீரை 20 மீட்டர் கீழே கொண்டுபோய் ஒரு தாழ்ந்த குட்டையில் விடுங்கள். காட்டெருமையும் கரடியும் அங்கே குடித்துவிட்டுப் போகும், பெட்டியை மிதிக்காது. அவற்றின் பங்கு அது. ஊற்று முழுவதையும் குழாயில் அடைப்பது நியாயமும் இல்லை, கீழே உள்ள ஓடைக்கும் நல்லதில்லை.

குழாயில் 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 கிலோ அழுத்தம் ஏறும். ஊற்றுக்கு 90 மீட்டர் கீழே உள்ள வீட்டில் குழாயை மூடினால் 9 கிலோ. 6 கிலோ தாங்கும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பைப் அங்கே வெடிக்காமல் என்ன செய்யும்? 50 மீட்டர் இறக்கத்துக்கு ஒன்றாக, மிதவை வால்வு வைத்த சின்ன அழுத்தம் உடைக்கும் தொட்டி வேண்டும். மிதவை வால்வு இல்லாவிட்டால் இரவெல்லாம் வழிந்து வீணாகும். வால்வுக்கு முன்னால் சல்லடை இல்லாவிட்டால் மணல் சிக்கித் திறந்தே நிற்கும். பைப் அளவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். உங்கள் 23, 24 லிட்டர் வரத்தை 32 மி.மீ. பைப்பில் அனுப்பினால் நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டர் அழுத்தம் தேய்ந்துபோகும், 40 மி.மீ.யில் ஒரு மீட்டருக்குள் முடியும். மேட்டுப் புள்ளியில் ஏர் வால்வு, பள்ளத்தில் சேறு திறந்துவிடும் வால்வு. ஏர் வால்வு இல்லாத இடத்தில் காற்று அடைத்து நீர் சொட்டுச் சொட்டாக வரும், ஊற்று வற்றிவிட்டதாக எல்லாரும் நினைப்பார்கள். இணைப்பை வெல்டிங் செய்யுங்கள், ரப்பர் டியூப் சுற்றிக் கட்டுவது ஒரு மாதத்துக்குக்கூட நிற்காது. இரண்டு அடி ஆழத்தில் புதைத்தால் காட்டெருமைக் குளம்பும் காட்டுப்பன்றியும் உறைபனியும் தொடாது.

ஒழுகலைக் கண்டுபிடிக்க ஒரு இரவு போதும். இரவு 11 மணிக்கு ஊர்த் தொட்டிக்கு வரும் நீரை அடைத்து, எல்லா வீட்டுக் குழாய்களும் மூடியிருக்கச் சொல்லி, போகும் வால்வை மட்டும் திறந்து வைத்து, தொட்டிச் சுவரில் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். விடியற்காலை 4 மணிக்குப் பாருங்கள். தொட்டி 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 1 செ.மீ. இறங்கினால் 90 லிட்டர். 10 செ.மீ. இறங்கியிருந்தால் ஐந்து மணி நேரத்தில் 900 லிட்டர், நாளொன்றுக்கு 4,300 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. பிறகு ஒவ்வொரு கிளை வால்வாக அடைத்து இதையே செய்தால் எந்தத் தெரு என்று தெரிந்துவிடும்.

ஊர்த் தொட்டியின் கொள்ளளவும் இதே கணக்கில் வரும். நிமிடத்துக்கு 23 லிட்டர் வரும் காலத்தில் மாலை 6 முதல் காலை 6 வரை சேர்வது 16,500 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி நள்ளிரவு தாண்டியதுமே நிறைந்து வழியும். 20,000 முதல் 25,000 லிட்டர் வேண்டும், அதற்கு மேல் தேவையில்லை. எட்டரை லட்சம் லிட்டருக்கு ஒரே தொட்டி கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். 850 டன் எடையைச் சரிவில் ஏற்றி வைப்பது ஆபத்து.

அந்த எட்டரை லட்சத்தைக் கூரைகளில் பிரித்து வைக்கலாம். வீட்டுக்கு 5,000 லிட்டர் தொட்டி, 120 வீட்டுக்கு 6 லட்சம். 60 சதுர மீட்டர் தகரக் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 48 லிட்டர் கைக்கு வரும், தொட்டி நிறைய 104 மி.மீ. மழை போதும். வடகிழக்குப் பருவத்தில் அதற்குப் பஞ்சமில்லை. மீதி இரண்டரை லட்சத்தை 75 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 3,400 லிட்டர். வீணாவதற்கென்று ஒதுக்கிய 5,500-ஐ ஒழுகல் அடைத்து 2,100-க்குக் கொண்டுவந்தால் கணக்கு நேராகிறது. சதுப்பு தேறி ஊற்று கூடினால் அது மிச்சம்.

கூரைத் தொட்டியில் மூன்று விஷயம். ஒவ்வொரு மழையின் முதல் 100 லிட்டர் தனி டிரம்மில் விழுந்து வெளியே போகட்டும், தேயிலைத் தோட்டத்து மருந்துத் தூசி கூரையில் படிந்திருக்கும். வீட்டடியில் மண் வெட்டிய பக்கத்தில் தொட்டி வையுங்கள், மண் கொட்டி நிரவிய ஓரத்திலோ தடுப்புச் சுவர் விளிம்பிலோ வைத்தால் 5 டன் எடையில் சுவர் சரியும். மூடியைக் கம்பி போட்டுக் கட்டுங்கள், குரங்கு திறந்துவிடும். நவம்பர் கடைசி வரை தாராளமாகப் பயன்படுத்தலாம், மழை திரும்ப நிரப்பும். டிசம்பரில் நிறைத்து மூடி, பிப்ரவரி பாதியில் திறவுங்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு நாளைக்கு 65 லிட்டர், 75 நாள் வரும்.

குளோரின் போடுவது: 25,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 150 கிராம். மூட்டை திறந்து பல மாதம் ஆனதென்றால் வீரியம் போயிருக்கும், 250 கிராம் வரை தேவைப்படும். வாளியில் கரைத்து அரைமணி தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரைமணி கழித்துத் திறந்து, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று குளோரோஸ்கோப் என்னும் சின்னச் சோதனைக் கருவியில் பாருங்கள். நம் ஊற்றுநீர் பல இடங்களில் லேசான அமிலத்தன்மை உள்ளது, ஜி.ஐ. இரும்புப் பைப்பை உள்ளிருந்து அரிக்கும், காலையில் முதல் குடம் துருநிறத்தில் வருவது அதனால்தான். மேலே தேயிலையோ காய்கறியோ இருந்தால் நைட்ரேட்டும் பாருங்கள், 45 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. கோடைக் கடைசியில் ஒன்று, முதல் பெருமழைக்குப் பிறகு ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு மாதிரி குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொடுங்கள்.

வேலையை மாத வரிசையில் வையுங்கள். ஊற்றுப் பெட்டியை மார்ச், ஏப்ரலில்தான் கட்ட வேண்டும், மழையில் கண் எங்கே என்றே தெரியாது. அப்போதே இரவுச் சோதனையையும் பைப் வேலையையும் முடித்துவிடுங்கள். சதுப்பில் தடுப்பு வைப்பதை மே மாதத்துக்குள் முடித்தால் தென்மேற்கு மழையில் புல் வேர்பிடித்து, அக்டோபர் வெள்ளத்தைத் தாங்கும். கூரைத் தகரவாய்க்காலும் தொட்டியும் செப்டம்பர் கடைசிக்குள் தயாராக இருந்தால் இந்த ஆண்டு மழையே நிரப்பிவிடும். பணம் எல்லா வீட்டுக்கும் ஒரே ஆண்டில் போதாவிட்டால், குழாயின் கடைசியில் இருப்பவர்களுக்கும் மேட்டு வீடுகளுக்கும் முதலில் தொட்டி கொடுங்கள், கோடையில் முதலில் காய்வது அவர்கள் வீடுதான்.